பிள்ளையாரின் இன்னொரு தந்தம்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், மாமல்லபுரத்து பிரவுசிங் சென்டரில் அவரைச் சந்தித்தேன். இணையத்தில் கற்சிலை விற்பவர். கட்டை மீசை, தலையெல்லாம் கல்தூசி. வெளிநாட்டுக்கு மெயில் எழுதும்போது மட்டும் சட்டையை உள்ளே விட்டுக்கொள்வார். அனுப்பியதும் வெளியே இழுத்துவிடுவார்.

ஒருநாள் அவருக்கு வந்த மெயிலை என்னைப் படித்துச் சொல்லச் சொன்னார். ஜெர்மனியில் ஓர் அம்மாள் வாங்கிய பிள்ளையாருக்கு ஒரு தந்தம் உடைந்திருக்கிறதாம். சிலையைத் திருப்பி அனுப்பப் போகிறாராம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பிள்ளையாருக்கு ஒரு தந்தம் அப்படித்தான் இருக்கும்னு எழுதிடலாமே?"

அவர் சிரிக்கவில்லை. "நீ வேற சார். அந்தம்மா ஏற்கெனவே பேஜாராயி கீது. இப்ப புராணம் சொன்னா, ஒடஞ்சத வித்துட்டு கதை வுடறான்னு நெட்டுல போட்டுடும். அப்பறம் எவன் வாங்குவான்?"

"அப்ப என்ன செய்யப் போறீங்க?"

"மீதித் தந்தத்தைச் செதுக்கி பார்சல்ல அனுப்பிடறேன். மன்னிச்சுக்கோன்னு எழுது சார்."

எழுதினேன். சில வாரங்களில் பதில் வந்தது. பசை போட்டு ஒட்டிவிட்டாராம். அருமையான சேவை என்று ஐந்து நட்சத்திரமும் கொடுத்திருந்தார்.

சிலைக்காரர் செய்தது சரியா தவறா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. ஜெர்மனியில் ஒரு வீட்டில் பிள்ளையார் இரண்டு முழுத் தந்தங்களோடு உட்கார்ந்திருக்கிறார்.