தலைகீழாக வந்த சீட்டு

வெளிநாட்டுப் பயணிகள் குவியும் எல்ல ஊரில் நான் வேலை செய்யும் கடையில் இன்று ஒரு வெள்ளைக்காரப் பெண் குறி சொல்லும் டாரட் சீட்டுகளைப் பரப்பி வைத்திருந்தாள். தேநீர் கொண்டுபோன என்னையும் ஒன்று எடுக்கச் சொன்னாள்.

எடுத்தேன். ஓர் ஆணும் பெண்ணும் ஆளுக்கொரு கோப்பையை நீட்டியபடி நிற்கும் படம். தலைகீழாக வந்திருந்தது. சட்டென்று அதை நேராகத் திருப்பி வைத்தாள்.

"நல்ல துணை. சமமான அன்பு" என்று சிரித்தாள்.

தலைகீழாக வந்தால் பிரிவு. சீட்டுப் பார்க்கும் பயணிகள் இதை எத்தனை பேருக்குச் சொல்லும்போது பக்கத்து மேசையைத் துடைத்திருக்கிறேன்.

என் கணவர் கத்தாருக்குப் போய் மூன்று வருடம். கடைசியாகப் பேசி எட்டு மாதம்.

தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்து பிளேன்டீ ஊற்றினேன். அவருடைய கோப்பையில் இப்போது மாமியார்தான் குடிக்கிறார்.

"எம் மகன் போன் பண்ணுனானா?"

"பண்ணுனாருங்க அத்தை. ஒங்களத்தான் கேட்டாரு."

"அப்ப சரி" என்று உள்ளங்கைச் சீனியை நக்கிக்கொண்டே குடித்தார்.

நானும் சீட்டைத் திருப்பித்தான் வைத்தேன்.

அத்தைக்கு ஃபேஸ்புக் இல்லை. தோட்டத்து ஆட்கள் யாராவது இதை வாசித்தால் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். அவர் மகனிடம் தாராளமாகச் சொல்லலாம். இப்போதுகூட ஆன்லைனில்தான் இருக்கிறார்.