கடலுக்குப் போகாத ஆறு

என் கணவர் இந்த நாட்டுக்குப் படகில் வந்தவர். கூட வந்தவர்களில் சிலரைக் கடல் வைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவர் கடற்கரைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. “நான் செத்தாலும் என்னைக் கடலிலை விடாதையும்” என்பதுதான் அவர் என்னிடம் கேட்ட ஒரே வாக்கு.

அவர் போனபோது எங்கள் கிரான்பர்ன் வீட்டில் கூடியவர்கள் எல்லாரும் அஸ்தியைக் கடலில்தான் கரைக்க வேண்டும் என்றார்கள். நான் மாட்டேன் என்றேன். லொறி ஓட்டிய காலத்தில், தொலைவில் உள்ள வறண்ட பிளிண்டர்ஸ் மலைகளுக்குள் அவர் கண்டு மயங்கிய ஆறு ஒன்று இருக்கிறது, அங்கே கொண்டுபோகிறேன் என்றேன்.

“அண்ணி, உங்களுக்கென்ன விசரே? அந்த ஆத்திலை தண்ணியே இல்லை. காய்ஞ்ச மணலிலை ஆரும் அஸ்தி கரைப்பினமோ? முறை எண்டு ஒண்டு இருக்கெல்லோ!”

சொன்னது அவருடைய சொந்தத் தம்பி, அதே படகில் வந்தவர். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அஸ்திச் செம்பைக் காரில் ஏற்றினேன். என்னைத் தனியே விட மனமில்லாமல் தம்பியும் முறுக்கிக்கொண்டே ஏறினார்.

இரண்டு மலைகளுக்கு நடுவே கல்லும் மணலுமாகக் கிடந்தது ஆறு. “பாத்தீங்களோ?” என்றார் தம்பி, வழக்கில் வென்றவர் மாதிரி.

பார்க்கத் தெரியாதவருக்கு அது செத்த ஆறுதான். மலையெல்லாம் மொட்டையாக இருக்க, ஆற்றங்கரை யூக்கலிப்டஸ் மரங்கள் மட்டும் எதைக் குடித்துப் பருத்தனவாம்? பெருமழைக்கு வந்த வெள்ளம் என் தலைக்கு மேலிருந்த கிளையில் சருகைச் செருகிவிட்டுப் போயிருந்தது. மற்றக் காலமெல்லாம் தண்ணீர் மணலுக்குக் கீழே இருக்கிறது.

வளைவில், பெரிய மரத்தடியில் முழங்காலிட்டுக் கையாலேயே தோண்டினேன். பெண் செய்யலாமா என்று இனி யார் கேட்டால் எனக்கென்ன! மணல் ஈரமானது. இன்னும் தோண்டக் கலங்கலாகத் தண்ணீர் ஊறியது. தண்ணீரைக் கண்டதும் தம்பியும் எதிரே குந்தித் தோண்டினார்.

இருவருமாகக் கரைத்தோம்.

“மழை வந்தா அண்ணை எங்கை போவார்?”

“பாலைவனத்துக்குள்ளை ஒரு உப்பு ஏரி இருக்கு. அதோடை ஆறு முடிஞ்சுது.”

“கடலுக்கு?”

“ஒருநாளும் போகாது.”

தம்பி ஈரக் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். “என்னையும் இஞ்சைதான் கொண்டு வரவேணும், அண்ணி.”

“அதைப் பிறகு பாப்பம். அண்ணையை எங்கை விட்டனாங்கள் எண்டு அங்கை சனம் கேக்கும். நீரே வாய் திறந்து சொல்லும்.”