விட்டுவைத்த சிப்பாய்

நேற்று அத்தான் ரஸ்ஸல் மார்க்கெட்டிலிருந்து புதுச் சதுரங்கம் வாங்கி வந்தார். பழைய காய்களை எடுத்துவைக்கப் போனபோது அவை இருந்த வெளிர்நீலப் பை கைக்கு வந்தது. முகர்ந்து பார்த்தேன். இன்னும் கொஞ்சம் கஞ்சி வாசனை.

நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அது டிரேசிங் துணி. கஞ்சி போட்டு மெருகேற்றியது. படத்தின்மேல் விரித்தால் அடியிலிருக்கும் கோடு தெரியும், மையால் அப்படியே நகலெடுக்கலாம். கெட்டுப்போனதைச் சுடுதண்ணீரில் ஊறவைத்தால் கஞ்சி கழன்று நல்ல மெல்லிய துணி மிஞ்சும். யுத்தத்தில் துணி கிடைக்காத நாட்களில் விமான ஃபேக்டரியில் வேலை செய்த எங்கள் வீடுகளின் குழந்தைகள், நாங்கள் நகலெடுத்த இறக்கைகளைத்தான் உடுத்தியிருந்தன. நான் கெடுத்தவை அதிகம். அக்காளுக்குத் துணிப் பஞ்சமே தெரியவில்லை.

அந்த வேலைக்கு நான் போனதே ஒரு ஆட்டத்தால்தான்.

அப்பா போனபின் ஜோகுபாளையத்தில் அக்காள், அத்தான் வீட்டில் இருந்தேன். படம் நகலெடுக்கும் டிரேசர் பயிற்சி முடித்து, வேலையும் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். அதற்குப் பொறுப்பாளர் கையெழுத்து வேண்டும். பொறுப்பாளர் அத்தான். போட மாட்டேன் என்றார். "ஃபேக்டரின்னா இன்னா, மாதா கோயில் தேரா, போய் வேடிக்கை பாக்க?" அன்றிலிருந்து தனியாகத் தெருவுக்குப் போவதும் நின்றது. சமையலறை, முன்னறை, ஞாயிறு பூசைக்கு அக்காளோடு கோயில். அதற்குமேல் எனக்குக் கட்டமில்லை.

அந்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் மழை பிடித்துக்கொண்டது. அத்தானோடு ஆட வருகிற நண்பர்கள் யாரும் வரவில்லை. பரப்பிய பலகை முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"வாங்க தொரசாணி. கோடு போடத் தெரியும், இது தெரியுமா?"

காப்பி கொண்டுவந்து வைக்கிற சாக்கில் பார்த்துப் பார்த்தே கற்றிருந்தேன். "தெரியும் அத்தான். ஜெயிச்சா கையெழுத்து போடுவீங்களா?"

சிரித்தார். "போட்டா போச்சு. பிலோமி, நீதான் சாட்சி."

"பேச்சு மாறுனா ராத்திரிக்குச் சோறு கெடையாது" என்றாள் அக்காள், அரிசி புடைத்துக்கொண்டே.

அத்தானுக்கு வெட்டுவதில் ஆசை. வேகமாக வந்து என் சிப்பாய்கள் இரண்டைத் தின்றார். எனக்கு வேகம் வராது. ஒவ்வொரு நடைக்கும் முன்னால் மனசுக்குள் ஒரு வரிசை: என்னுடையது எது தனியாக நிற்கிறது, அதற்கு யார் காவல், அவருடையது எது நகர முடியாமல் நிற்கிறது. முதல் நடைக்கும் சிப்பாய் ஒரே கட்டம் போகும் அந்த நாள் ஆட்டம் அது. என் சிப்பாய்களை ஒன்றுக்கொன்று காவலாக நடுவில் கோத்தேன். அவருடைய யானைகள் மூலையிலேயே அடைபட்டன. குதிரை எங்கே குதித்தாலும் என் காய் காத்திருந்தது. நகர இடமில்லாத காய் எப்படி நிற்கும் என்பதை அந்த வாரம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"ஆடுறியா, கோலம் போடுறியா?" என்றார்.

சாயங்காலம் அவரிடம் ராஜா, ஒரு யானை, ஒரு சிப்பாய். அப்போதுதான் யானையைக் கொண்டுவந்து என் மந்திரி எதிரில் வைத்தார். வெட்டினேன். அடுத்து சிப்பாயை என் குதிரையின் வாயில் நகர்த்திவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குப் புரிந்துவிட்டது. அந்த நாள் ஆட்டத்தில் ராஜா தன்னந்தனியாக நின்றால் அதற்குப் புர்ஜி என்று பேர், வெற்றியுமில்லை, தோல்வியுமில்லை. கையெழுத்துமில்லை.

குதிரையைத் தொடாமல் மந்திரியை நகர்த்தினேன்.

"வெட்டேன்."

"வேணாம் அத்தான். உங்களுக்கு ஒண்ணு இருக்கட்டும்."

சிப்பாய் ஒவ்வொரு கட்டமாக என் பக்கம் இறங்கி வந்தது. கடைசிக் கட்டத்தைத் தொட்டால் அது பெரிய காயாகிவிடும். தொட ஒரு கட்டம் இருக்கும்போது என் மந்திரி முற்றுகையிட, அவர் ராஜாவுக்கு வழி முழுக்க அடைபட்டது. அத்தான் தன் ராஜாவைப் பலகையில் படுக்கவைத்தார்.

"பேனா எங்கடி பிலோமி?"

திங்கட்கிழமை போனேன். வெளியே போனேன் என்று சொல்ல முடியாது, அறை மாறியது. ஆகாயத் தாக்குதல் பயத்தில் வரைபட ஆபீஸ் ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். மழையா வெயிலா என்பது வீட்டுக்குப் போகும்போதுதான் தெரியும். ஆனாலும் அந்த மேஜை என்னுடையது, விளக்கு என்னுடையது. யுத்தம் முடிந்து காகிதத்தைக் கிழித்தார்கள். வெளியே ஒரு குல்மொஹர் மரம் நின்றிருந்தது, இத்தனை வருஷமாக. அதே வாரம், பட்டாளத்திலிருந்து ஆண்கள் திரும்புகிறார்கள், பெண்கள் இனி வர வேண்டாம் என்றார்கள். ஒருத்தியைக்கூட வைத்துக்கொள்ளவில்லை.

மறுபடி இந்த முன்னறை. புதுப் பெட்டியோடு வந்த விதித்தாளை அத்தான் படித்துச் சொன்னார். "புர்ஜி கெடையாதாம் இப்போ. எல்லாத்தையும் வெட்டிட்டுத் தனி ராஜாவையும் பிடிக்கலாமாம்."

"அப்போ ஒண்ணும் மிச்சம் வெக்க வேணாமா?"

"வேணாம். சிப்பாய் மொத நடைக்கு ரெண்டு கட்டம் போவலாம். ஆடு."

நான் ஒரு கட்டம்தான் நகர்த்தினேன்.