கதவின் இடப்பக்கத்து ஏழாவது பூச்சு

புதன்கிழமை காலை பத்து நாற்பதுக்கு அந்தப் பெண் எங்கள் வாசலில் வந்து நின்றாள். கையில் அளவு நாடா, கழுத்தில் கயிறு கட்டிய பூதக்கண்ணாடி, தோளில் கனத்த பை. பழைய கட்டடங்களைப் பேணுவதற்கென்றே படித்த ஆர்க்கிடெக்ட். ஊர் பாறசாலைப் பக்கம். கோட்டைக்குள் இருக்கும் எங்கள் அக்கிரகாரத் தெருவில் எந்த வீட்டில் எது பழையது, எது எப்போது மாறியது என்று பட்டியல் எடுக்க வந்திருந்தாள்.

பட்டியலின் கடைசிக் கட்டத்தில் ‘ஆதாரம்’ என்று போட்டிருந்தது. வீட்டுக்காரர் நினைவிலிருந்து சொன்னால் அதில் ‘வாய்மொழி’ என்று எழுதுவாளாம். நடந்த அன்றே யாராவது எழுதி வைத்திருந்தால் ‘எழுத்துச் சான்று’. எங்கள் தெருவில் பதினோரு வீடுகளை முடித்திருந்தாள். பதினோரு கட்டத்திலும் வாய்மொழி.

நான் அவளை உள்ளே அழைத்துப்போய் அலமாரியைத் திறந்து காட்டினேன். நாற்பது வருஷத்துக்கு மேலாக நாள் தவறாமல் எழுதிய நோட்டுகள். எந்த வீட்டுக் கிணறு எந்த மாதம் மூடப்பட்டது, எந்தக் கூரையில் ஓடு இறங்கிக் கான்கிரீட் ஏறியது, மின்சார மீட்டர் எந்தச் சுவரிலிருந்து எந்தச் சுவருக்கு மாறியது, எல்லாம் கிழமையோடு இருக்கின்றன. இத்தனை வருஷத்தில் அந்த நோட்டுகளைக் கேட்டு வந்த முதல் ஆள் இவள்தான்.

“பெயிண்ட் அடிச்சதுகூட எழுதியிருக்கியளா சார்?”

“இந்த வாசல் கதவையே எடுத்துக்கோ. எங்க கல்யாணத்துக்கு முன்னாடி வெறும் எண்ணெய்தான் பூசுவா. அதுக்கப்புறம் ஆறு தடவை பெயிண்ட். ஆறுக்கும் தேதி இருக்கு.”

அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. “அப்ப கதவ வச்சே பாத்திருவோம். கதவும் நோட்டும் ஒத்துப்போனா, தெரு முழுசுக்கும் உங்க நோட்டுதான் எழுத்துச் சான்று. இல்லன்னா…”

“இல்லேன்னா?”

“வாய்மொழின்னு போட்டிருவேன். சங்கடப்படப்பிடாது, கேட்டியளா.”

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவுக்குப் பிறகு நான் அப்படி ஒரு நாளுக்காகக் காத்திருந்ததில்லை. வெள்ளிக்கிழமை கதவைச் சுரண்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

போகும்போது என்னிடம் ஒரு தாள் கொடுத்தாள். அவர்கள் தொழிலில் புழங்கும் சொற்கள், மலையாளத்தில் விளக்கத்துடன். எங்கள் தெருக்காரர்களுக்காகத் தமிழில் எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். வியாழக்கிழமை முழுவதும் அதிலேயே உட்கார்ந்தேன். இருக்கும் நிலை கெடாமல் காப்பது ‘பேணல்’. பின்னால் சேர்ந்ததை நீக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது ‘மீட்டமைப்பு’. இல்லாமல் போனதைப் புதிதாக எழுப்புவது ‘மறுகட்டுமானம்’. ஒரு பொருள் முதலில் கிடந்த இடத்திலேயே அசையாமல் இருப்பதற்கு அவர்கள் சொல்லும் ‘இன் சிட்டு’வுக்கு மட்டும் திருப்தியான ஒரு சொல் அகப்படவில்லை. ‘இருந்த இடத்தில்’ என்று எழுதி வைத்தேன்.

சொற்கள் என் மேஜையோடு நிற்கவில்லை. அன்று மாலையே மனைவி அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள்: “ஏன்னா, கண்ணாடியைத் தேடாதேங்கோ. ஃபிரிட்ஜ் மேலே இன் சிட்டுவா இருக்கு.” வடக்கு வீட்டில் இருக்கும் என் தங்கை காலையில் வைத்த சாம்பாரைச் சுடவைத்துக் கொண்டுவந்தாள். மனைவி ஒரு வாய் ருசித்துவிட்டு, “இது பேணலா, மறுகட்டுமானமா?” என்றாள்.

“மீட்டமைப்பு, மன்னி. தக்காளி மட்டும் புதுசு.”

வெள்ளிக்கிழமை ஒன்பதே காலுக்கு வேலை ஆரம்பமாயிற்று. எங்கள் கதவு ஆஞ்சிலி மரத்தில் செய்த இரட்டைக் கதவு. அந்தப் பெண் சிறிய அறுவைக் கத்தியால் தபால்தலை அளவுக்கு ஒரு சதுரம் சுரண்டி மேல் பூச்சை மட்டும் எடுத்தாள். அதற்குக் கீழே இன்னொரு சதுரம். அதில் இரண்டு பூச்சு. அடுத்ததில் மூன்று. இப்படிப் படிப்படியாக மரம் தெரியும்வரை இறங்குவதை ஏணி என்கிறார்கள். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு நோட்டும் கையுமாக உட்கார்ந்தேன்.

வலப்பக்கக் கதவு என் மானத்தைக் காப்பாற்றியது. மேலிருந்து கீழே காப்பிப்பொடி நிறம், சாம்பல், நீலம், பச்சை, காவி, சந்தனம். ஆறும் நான் எழுதியிருந்த வரிசையிலேயே இருந்தன. “கொள்ளாமே சார், எல்லாம் சரியா இருக்கு!” என்றாள் அவள். நான் அடக்கமாக இருக்கப் பார்த்தேன்.

இடப்பக்கக் கதவின் நடுப் பலகையில் ஏழு வந்தது.

நீலத்துக்கு அடியில் ஒரு பச்சை. அதற்கும் அடியில் இன்னொரு பச்சை. மேலே இருந்தது கொஞ்சம் மஞ்சள் தட்டிய பச்சை. கீழே இருந்தது மாவிலைப் பச்சை.

“ரெண்டு கை அடிச்சிருப்பான்” என்றேன்.

அவள் பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டினாள். “ஒரே சமயத்தில ரெண்டு கை அடிச்சா நடுவில அழுக்கு இருக்காது சார். இஞ்ச பாருங்க, கறுப்பா ஒரு கோடு. விளக்குப் புகையும் ரோட்டுப் புழுதியும். ஒண்ணு ரெண்டு வருஷமாவது கீழ்ப் பச்சை வெயிலும் மழையும் கண்டிருக்கு. அதுக்கப்புறம்தான் மேல் பச்சை.”

கோடு இருந்தது. மயிரிழை அகலம்தான். அதற்குள் என் நோட்டுகள் அத்தனையும் விழுந்துவிட்டதுபோல் இருந்தது. ஒரு பூச்சைத் தவறவிட்டவன் எத்தனை கிணற்றைத் தவறவிட்டிருப்பான் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வேன்? அவள் கட்டத்தில் எதையும் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேறு விளக்கோடு வந்து இன்னொரு முறை பார்ப்பதாகச் சொன்னாள்.

மனைவி காப்பி கொண்டுவந்தாள். வைத்த வேகத்தில் திரும்பிப் போய்விட்டாள். காப்பியில் சர்க்கரை இல்லை. இதை நான் அன்றைய குறிப்பில் எழுதினேன். ஏன் என்று யோசிக்கவில்லை.

சனிக்கிழமை முழுவதும் பச்சைக்கும் நீலத்துக்கும் இடைப்பட்ட ஐந்து வருஷத்து நோட்டுகளைப் படித்தேன். பெயிண்டர் என்ற சொல்லே இல்லை. தங்கை மூன்று தடவை எட்டிப் பார்த்தாள்.

“என்ன அண்ணா, கதவு ஏதாவது சொல்றதா?”

“உனக்கென்ன சிரிப்பு?”

“எனக்கா? சும்மா கேட்டேன்.”

ஞாயிறு பதினொன்றுக்கு அந்தப் பெண் கைவிளக்கோடு வந்தாள். கதவுகளை உள்பக்கம் திறந்து வைத்து, வாசல் நிலையில் போர்வை தொங்கவிட்டு ரேழியை இருட்டாக்கச் சொன்னாள். பிறகு விளக்கைக் கதவோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தாள். அந்தக் கோணத்தில் வெளிச்சம் விழுந்ததும், நான் தினமும் கை வைத்துத் தள்ளுகிற பலகையில் இதுவரை பார்க்காத ஒன்று எழும்பியது. ஒரு சாண் நீளத்துக்குச் சாய்வாக ஒரு தழும்பு. அதற்குள் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, மேலே அந்த மஞ்சள் பச்சையை அடித்திருந்தார்கள்.

“ஏதோ வண்டி இடிச்சிருக்கு சார். ஹேண்டில் உயரத்தில இருக்கு. சைக்கிளா இருக்கும்.”

“சைக்கிள் ஒண்ணும் இல்லே” என்றாள் தங்கை.

“நீ வாயை மூடறியா!” என்றாள் மனைவி.

நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். பிறகு இரண்டு பெண்களும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்கள். அது அடங்கி, மனைவி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “உங்க ஸ்கூட்டர்தான். நான்தான்.”

அந்தக் காலத்தில் என்னிடம் கியர் வைத்த ஸ்கூட்டர் ஒன்று இருந்தது. மழை நாளில் அது நனையக்கூடாது என்று ரேழியில் வைத்துவிட்டு ஆபீசுக்கு பஸ்ஸில் போவேன். அந்த மழை நாட்களில்தான் மனைவி அதை ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறாள். தங்கை பின்னால் குடையோடு ஓடுவாளாம். நான் திருநெல்வேலிக்கு மாமாவின் அறுபதாம் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, வண்டியைத் தள்ளாமல், வாசற்படியில் சாய்த்துப் போட்ட பலகைமேல் ஓட்டியே ஏற்றி உள்ளே கொண்டுவந்துவிடலாம் என்று பார்த்திருக்கிறாள். பலகை ஈரம். வண்டி இடப்பக்கம் போய்க் கதவில் இடித்துவிட்டது.

“சாலை பஜார் பெயிண்ட் கடையில போய், இதே பச்சை வேணும்னு கேட்டோம்” என்றாள் தங்கை. “ஆத்துக்குக் கொண்டுவந்து தெறந்தா மஞ்சளா இருக்கு. மாத்த நேரமில்லே. ஒரு பலகைக்கு மட்டும் அடிச்சோம். மழையிலே காயவே மாட்டேங்கறது. டேபிள் ஃபேனை ரேழியிலே வெச்சுக் காய வெச்சோம். நீ வந்தே, கதவைத் தொறந்தே, உள்ளே போய்ட்டே. மூணு வருஷம் ஒரு கதவு ரெண்டு நெறம், நோக்குத் தெரியலே! நீ தேதியைப் பாப்பே அண்ணா, கதவைப் பாக்கமாட்டே.”

“என்கிட்டே சொன்னா நானே கத்துக்கொடுத்திருப்பேனே” என்றேன் மனைவியிடம்.

“பின்னே? நான் விழுந்த தேதியெல்லாம் எழுதி வெப்பேள். இன்னைக்கு ஓடைப் பக்கம் விழுந்தா, முழங்கையிலே சிராய்ப்புன்னு. அது வேண்டாம்னுதான்.”

எனக்குக் கோபம் வரவில்லை. அந்தத் திருநெல்வேலிப் பயணம் நோட்டில் இருந்தே ஆக வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது. அலமாரிக்குப் போனேன். நேற்று பெயிண்டர் என்ற சொல்லைத் தேடியதால் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன். துலாம் மாதம், அதாவது ஐப்பசி, ஒரு வியாழக்கிழமை. ரேழிக்குக் கொண்டுவந்து உரக்கப் படித்தேன்.

“மாலை ஐந்து ஐம்பதுக்குத் தம்பானூர் ஸ்டேஷன் வந்து சேர்ந்தேன். நல்ல மழை. வீட்டில் பெயிண்ட் வாசனை. கேட்டதற்கு, வடக்கு வீட்டு ஜன்னலுக்கு அடிக்கிறார்கள் என்றாள். தலைவலி. டேபிள் ஃபேன் இடம் மாறி ரேழியில் இருந்தது. திரும்ப எடுத்து வைத்தேன். ரசம் நன்று.”

அந்தப் பெண் நோட்டை என் கையிலிருந்து வாங்கித் தானே ஒரு முறை படித்தாள். பிறகு சிரித்த சிரிப்பில் அவள் கழுத்தில் தொங்கிய பூதக்கண்ணாடி ஆடியது.

“சார், அந்த ஆறு தேதியை விட இதுதான் எனக்குப் பெரிசு. அதெல்லாம் நீங்க அறிஞ்சு எழுதினது. இது என்னன்னே அறியாம எழுதினது. பெயிண்ட் வாசனையும் ஃபேனும் இருக்கு, கதவு மட்டும் இல்ல. பின்னால யோசிச்சு எழுதுத ஆளு இப்பிடி எழுதமாட்டாரு.”

“அப்போ கட்டத்திலே என்ன போடுவே?”

அவள் பட்டியலை எடுத்து எழுதினாள். எட்டிப் பார்த்தேன். ‘எழுத்துச் சான்று. கதவுப் பூச்சால் உறுதி. கூடுதலாக வாய்மொழி: வீட்டு அம்மாள்.’

பிறகு நான் செய்தது கொஞ்சம் சிறுபிள்ளைத்தனம்தான். மூன்று பேருக்கும் நானே காப்பி போட்டேன். சர்க்கரை தாராளமாக.

காப்பி குடித்துக்கொண்டே மனைவி அடுத்த வருஷத்து நோட்டைக் கொண்டுவரச் சொன்னாள். எந்தப் பக்கம் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. “படியுங்கோ” என்றாள்.

“இன்று இவளுக்கு ஸ்கூட்டர் கற்றுக்கொடுத்தேன். ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள், ஒரு தடவைகூட விழவில்லை. சொல்லிக்கொடுக்கும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது.”

தங்கை காப்பியை டம்ளருக்குள்ளேயே துப்பிவிட்டாள்.

“அன்னிக்கு இதை எழுதிட்டு எத்தனை சந்தோஷமா இருந்தேள்!” என்றாள் மனைவி. “அதைப் பாத்ததும் எப்படிச் சொல்றது? ஆனா இப்போ மாத்தி எழுதணும், கேட்டேளா. தெரு முழுக்க சான்றாயிடுத்து அல்லே? பொய் இருக்கப்பிடாது.”

அந்தப் பத்தியை அடித்துவிடப் பேனாவை எடுத்தேன். அந்தப் பெண் கையை நீட்டித் தடுத்தாள். பழையதை அழிக்கக்கூடாது என்பதும், புதிதாகச் சேர்ப்பது புதிது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்பதும் அவர்கள் தொழிலின் விதிகள். அந்தத் தாளில் நானே தமிழ்ப்படுத்திய வரிதான். எனவே அந்தப் பத்தி இருந்தபடியே இருக்கிறது. பக்கத்தின் ஓரத்தில் பச்சை மையில், அந்த ஞாயிற்றுக்கிழமைத் தேதி போட்டு, என்ன நடந்தது என்று மனைவி சொல்லச் சொல்ல எழுதினேன். விழுந்த தேதிகளை அவள் கடைசிவரை சொல்லவில்லை. ‘பலமுறை’ என்று மட்டும் போட்டுக்கொள்ள அனுமதித்தாள்.

இரண்டு வாரத்தில் எங்கள் தெருவின் பட்டியல் முடிந்தது. பதினோரு வீடுகளின் வாய்மொழிக்கும் என் நோட்டில் கிழமை கிடைத்தது. இரண்டு மட்டும் ஒத்துப்போகவில்லை. அந்த வீட்டுக்காரர்கள் இப்போது என்னிடம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

மகர மாதத்தில் கதவுக்கு ஏழாவது முறையாக, இல்லை, எட்டாவது முறையாகப் பெயிண்ட் அடித்தோம். இரண்டு ஏணிகளையும் சாட்சிக்காக அப்படியே விட்டுவிட்டோம். என்ன நிறம் என்பதில் பேச்சுக்கே இடமில்லை. மனைவி அந்த மஞ்சள் பச்சைச் சதுரத்தைப் போனில் படம் பிடித்து, தன் ஸ்கூட்டரில் தானே கடைக்குப் போய், கடைக்காரர் கலந்து காட்டிய மூன்றைத் திருப்பிவிட்டு நான்காவதை வாங்கிவந்தாள். டப்பாவைத் திறந்தபோது தங்கை, “இதேதான் மன்னி, இதேதான்!” என்று கத்தினாள்.

அன்று மாலை நோட்டைத் திறந்து கிழமையையும் நேரத்தையும் எழுதி முடித்தேன். பின்னால் மனைவி நின்றிருந்தாள்.

“நெறம்?”

“மஞ்சள் பச்சை. தெரியுமே.”

“பாத்துட்டு வந்து எழுதுங்கோ.”

பேனாவை மூடி வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன்.