மாமனாரின் கடைசி ஒன்பது வருஷம்

அலுவலகத்தில் அவளுக்குச் 'சந்தேகம்' என்று பட்டப்பெயர். பல பத்தாண்டுக் காற்று வெப்பநிலைப் பதிவுகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. ஒரு நிலையத்தில் மட்டும் திடீரென்று சூடு எகிறி, அக்கம்பக்கத்து நிலையங்களில் அப்படி இல்லையென்றால், அது வானிலையின் வேலையா ஆள் செய்த தவறா என்று துருவுவாள்.

வீட்டில் வேறு பெயர். மாமனார் வாழ்நாள் முழுக்க ஒரு மலையடிவார நிலையத்தில் வெப்பமானி பார்த்துக் குறித்தவர். பிள்ளை இல்லாத மருமகளை, வந்தவர் போனவர் முன்னால் "மலடி" என்றுதான் கூப்பிடுவார். அதே வாயால், "எங்க பக்கம் சூடு கூடுதுன்னு முதல்ல சொன்னவன் நான்தான்" என்று பெருமையடிப்பார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். கணவன் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அவர் படுத்த படுக்கையான பிறகு அந்த நிலையத்தின் பதிவு அவள் மேசைக்கு வந்தது. அவர் வேலை பார்த்த கடைசி ஒன்பது வருஷம் மட்டும் ஒரே தாவலாக மேலே நின்றது. அவருடைய பழைய உதவியாளரைத் தேடிப்பிடித்துக் கேட்டாள். மூட்டுவலி வந்ததும் ஐயா வெப்பமானிப் பெட்டியைத் திறந்தவெளியிலிருந்து பெயர்த்து ஜன்னலோரச் சுவரில் மாட்டச் சொன்னார், உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துக் குறிப்பார் என்றார் உதவியாளர். வெயிலில் காய்ந்த சுவரின் சூடும் சேர்ந்து பதிவாகியிருந்தது.

அலுவலகத்தோடு முடித்திருக்கலாம், வீட்டுக்குத் தெரியவே வேண்டியதில்லை. அவள் காத்திருந்தாள். அவருடைய பழைய சகாக்கள் நலம் விசாரிக்க வந்து அறை நிறைய உட்கார்ந்திருந்த நாளில், தேநீர்த் தட்டோடு உள்ளே போனாள்.

"மாமா, உங்க கடைசி ஒன்பது வருஷத்தைக் கணக்குலேருந்து தூக்கிட்டோம். பெட்டி சுவத்துல தொங்கினது தெரிஞ்சுபோச்சு."

மறுப்பார் என்று எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"கால் வலிச்சுதும்மா" என்றார்.

அவளை அவர் 'அம்மா' என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வந்தவர்கள் தேநீரைத் தொடாமலே எழுந்து போனார்கள். பிறகு யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

ஒரு மத்தியானம் அவள் துணி மாற்றிவிடும்போது கேட்டார்: "அப்போ, சூடு கூடினதே பொய்யா?"

பொய் இல்லை. அந்த ஒன்பது வருஷத்தை எடுத்த பிறகும், மீதிப் பதிவில் சூடு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டுதான் இருந்தது. பக்கத்து நிலையங்களிலும் அப்படியே. முந்தின வாரமே கணக்குப் போட்டுப் பார்த்திருந்தாள்.

"திரும்பிப் படுங்க" என்றாள்.

அடுத்த மாதம் அவர் இறந்துபோனார். எல்லாம் ஓய்ந்த ஒரு நாள், சாப்பிடும்போது கணவனிடம் அந்தக் கணக்கைச் சொன்னாள்.

"அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம்."

அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனான். அவள் சாப்பிட்டு முடித்து, இரண்டு தட்டையும் கழுவி வைத்தாள்.