கரண்டியைக் கழுவலாம்

தெஹிவளையிலிருந்து சரசு அக்காவின் மருமகள் போன் எடுத்தபோது நான் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். "மாமி காலையில போயிட்டா." எனக்கு வந்த முதல் யோசனையைச் சொன்னால் ஏசுவீர்கள்: மேலே போனதும், இந்தக் குவளையைக் கழுவினது ஆர் என்று அக்கா கேட்டிருப்பார்.

முன்பு வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டில் அக்காவும் நாங்களும் அறை எடுத்து இருந்தோம். அங்கே இருந்த எல்லோருக்கும் அக்காவின் எச்சில் பயம் தெரியும். இன்னொருவர் வாய் வைத்த கோப்பையைத் தொடமாட்டார். எதையும் அண்ணாந்துதான் குடிப்பார். "கடலையும் கழுவிப்போட்டுத்தான் குளிப்பீங்களோ அக்கா?" என்று கேட்பேன். "முதல்ல உன்ர வாயைக் கழுவோணும்" என்பார். சிரிக்கவேமாட்டார்.

சண்டைக் காலம். என் மகள் வாணிக்கு அப்போது மூன்று வயது. வாயால் சத்தியும் வயிற்றோட்டமும். உப்பும் சீனியும் கலந்த தண்ணீரைக் கரண்டியால் கொடுக்கச் சொன்ன டாக்டர், "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சலம் போகாட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கோ" என்றார். சலம், அதுதான் சிறுநீர், போனால் உடம்பில் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தமாம். விடிந்ததும் எங்கள் ஒழுங்கையை ஆமி சுற்றிவளைத்தது. எல்லோரும் அடையாள அட்டையோடு றோட்டில் நிற்க வேண்டும்; செக்கிங் முடியும்வரை ஒருவரும் அசையக்கூடாது. ஒருகொடவத்தை ஸ்டோரில் இரவு வேலை முடித்து வந்த என் மனுசனை உள்ளே விடவில்லை.

உப்புச்சீனித் தண்ணீர்ப் போத்தலையும் கோப்பையையும் கரண்டியையும் கையோடு கொண்டு வந்திருந்தேன். வெயில் ஏறியது. வாணி அழுதாள், கண்ணீர் வரவில்லை. தாகம் என்று துடித்தவளுக்கு நான் ஒரு கோப்பை நிறையக் கொடுக்க, அவ்வளவும் சத்தியாகப் பக்கத்தில் நின்ற அக்காவின் சீலையில் கொட்டியது.

"வயித்தால போற பிள்ளைக்குத் தண்ணி குடுக்காதேங்கோ" என்றார் முன்னால் நின்ற ஒரு அம்மா.

"போனதைத் திருப்பிக் குடுக்காம வேறென்ன செய்யிறது?" அக்கா போத்தலைப் பறித்து, றோட்டிலேயே குந்தி, வாணியை மடியில் போட்டு, கரண்டி கரண்டியாக ஊட்டினார். "அவசரப்படாத. இது இறங்கட்டும். பிறகு மற்றது."

கலங்கல் தண்ணீரைக் கண்டு சந்தேகப்பட்டு ஒரு ஆமிக்காரன் வந்தான். "லமயாட்ட அசனீபயி, மல்லி." பிள்ளைக்குச் சுகமில்லை, தம்பி என்று சிங்களத்தில் சொன்னார் அக்கா. குடித்துக் காட்டு என்றான். அண்ணாந்து ஊற்றினார். ஏமாற்றுகிறார் என்று நினைத்தானோ என்னவோ, வாய் வைத்துக் குடி என்று துவக்கு முனையால் போத்தலைத் தட்டினான். அக்கா மாட்டேன் என்று தலையாட்டினார். நான் கெஞ்சினேன்: "ஐயோ அக்கா, குடியுங்கோ, உங்கட ஆசாரத்தைப் பிறகு பாப்பம்!" அவன் பறித்துக் கொட்டிவிட்டால் எங்களிடம் வேறு சொட்டு இல்லை.

அக்கா வாணியின் வாயிலிருந்த கரண்டியை எடுத்தார். சத்தியெடுத்த பிள்ளையின் கரண்டி. அதில் ஊற்றி, அவன் முகத்தைப் பார்த்தபடியே விழுங்கி, கரண்டியை நக்கியும் காட்டினார். அவன் அடுத்த ஆளிடம் போனான்.

"கரண்டியைக் கழுவலாம். பிள்ளையின்ர தண்ணியோட போத்தலைக் கழுவ ஏலுமே?" என்றார் என்னிடம், அதே கடுத்த முகத்தோடு.

வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. செக்கிங் முடியவில்லை. நான் வாணியின் காற்சட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்தே கிடந்தது. திடீரென்று அக்கா துள்ளினார். "சலம்! எடியே, என்ர மடி முழுக்கச் சலம்!" அவர் சிரித்து நான் கண்டது அன்றுதான்.

அந்தக் கிழமையே அக்காவுக்கும் வயிற்றோட்டம். கரண்டியோடு போய், "ஆ காட்டுங்கோ, செல்லம்" என்றேன். நல்ல ஏச்சு விழுந்தது. ஆனால் குடித்தார்.

அக்காவின் செத்தவீட்டில் தேத்தண்ணீர் தந்தார்கள். வாய் வைக்க மனம் வரவில்லை. அண்ணாந்து ஊற்றி, சட்டையெல்லாம் கொட்டிக்கொண்டேன். "அம்மா, உங்களுக்கு இது சரிவராது" என்று பக்கத்தில் இருந்த வாணி துடைத்துவிட்டாள். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த அரைகுறை அண்ணாப்பும், துடைத்துவிட்ட வாணியின் கையும்தான்.