அப்பா எதிர்க்கட்சி பேசிய வெள்ளிக்கிழமை

மழை விட்ட காலையில் எங்கள் காலேஜ் வராண்டாவில் ஒரு வாசனை வரும். ஈரச் சுவர், பிரார்த்தனை நடக்கும் சேப்பலில் அப்போதுதான் அணைத்த மெழுகுவர்த்தி, கேட்டுக்கு வெளியே எண்ணெயில் பொரியும் கச்சோரி... மூன்றும் கலந்தது. இன்று காலை சென்னையில் கரண்ட் போய், வந்ததும் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தேன். அவ்வளவுதான், மனசு கல்கத்தாவுக்குக் கிளம்பிவிட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் சால்ட் லேக் கவர்ன்மெண்ட் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா திருச்சிக்காரர், மத்திய அரசு ஆபீஸில் சூப்பரிண்டெண்டெண்ட். குவார்ட்டர்ஸில் இருந்த தமிழ்ப் பிள்ளைகள் எல்லாம் காமர்ஸ், இல்லையென்றால் இன்ஜினீயரிங். நான் மட்டும் வட கல்கத்தாவில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் பிலாசபி ஹானர்ஸ். யாராவது கேட்டால் அம்மா "பி.ஏ. படிக்கிறா" என்று சொல்லி அதோடு பேச்சை மாற்றிவிடுவார். நாங்கள் மாஷிமா என்று கூப்பிடும் கீழ் வீட்டு வங்காளி மாமி மட்டும் "பிலாசபியா! கீ ஷுந்தோர்!", அதாவது எவ்வளவு அழகு என்று, என் கன்னத்தைத் தொட்டுத் தன் விரல்களை முத்தமிட்டுக்கொள்வார். ஊரில் எனக்கிருந்த ஒரே ஓட்டு அதுதான்.

எங்கள் டிபார்ட்மெண்டில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை சேப்பல் பிரேயர் முடிந்து வரும் வகுப்பில் யாரும் தன் கட்சியைப் பேசக் கூடாது. தான் நம்பாததைத்தான் பேச வேண்டும், அதுவும் முழு மனசோடு. அறைக்குள் உட்கார்ந்துவிட்டால் யாருக்கும் விலக்கு கிடையாது. ஊர்வலத்தில் சிவப்புக்கொடி பிடிக்கும் அபிஜித், எங்கள் வகுப்புப் பையன், முதலாளிகளுக்காகத் தொண்டை கிழிய வாதாடுவான்.

ஒரு தடவை சேப்பல் பாதிரியாரே எட்டிப் பார்த்து மாட்டிக்கொண்டார். வெள்ளை அங்கியோடு நின்று, கடவுள் இல்லை என்று அப்படி ஒரு பேச்சு பேசினார். எங்களுக்கே பயமாகிவிட்டது. மணி அடித்ததும் சாக்பீஸ் தூசியைத் தட்டிக்கொண்டு நேராக சேப்பலுக்குப் போனார்... அவ்வளவு தைரியமான ஒரு இடத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

முதல் வருஷம், துர்கா பூஜா லீவுக்குக் கொஞ்சம் முன்னால். அப்பாவின் ஆபீஸ் நண்பர் வேறொரு காலேஜில் பி.காம். சீட் ஏற்பாடு செய்துவிட்டார். ராத்திரி சாப்பிடும்போது அப்பா சொன்னார்:

"இதப் படிச்சவனுக்கு யாரும்மா வேல குடுப்பா? நாளைக்கு நானே வந்து உங்க மேடத்துகிட்ட சொல்லி டி.சி. வாங்கிடறேன்."

அழுது பார்த்தேன். சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை.

எங்கள் ஹெட், மித்ரா மேடம், அப்பா சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். வகுப்பு முடிந்ததும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், வெளியே மழை, உள்ளே வந்து உட்காருங்கள் என்றார். அப்பா கடைசி பெஞ்சில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மேடம் போர்டில் அன்றைய தலைப்பை எழுதினார்: பிலாசபி படிப்பது வீண்.

வகுப்பு நடந்தது இங்கிலீஷில். அப்பா பேசியதும் ஆபீஸ் இங்கிலீஷ்தான். ஆனால் என் நினைவில் எல்லாம் தமிழில்தான் இருக்கிறது.

அபிஜித்துக்குப் பிலாசபி என்றால் உயிர். அதனால் அவன் 'வீண்' என்று பேச வேண்டும். பேசினான் பாருங்கள்! இதைப் படித்தவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள், பெற்றவர்கள் பணத்துக்குக் கேடு... முந்தின நாள் எங்கள் வீட்டு டைனிங் டேபிளுக்கு அடியில் ஒளிந்திருந்து கேட்டவன் மாதிரி பேசினான். அதோடு விட்டானா? என்னைக் கை காட்டி, "இந்தப் பெண்ணால் நாளைக்கு என்ன செய்ய முடியும்? ஒன்றும் முடியாது!" என்று முடித்தான்.

அப்பாவின் காது சிவந்துவிட்டது. மேடம் விதியை விளக்கி, வீண் என்று நினைக்கிறவர் நீங்கள், அதனால் வீண் இல்லை என்று பேச வேண்டிய எதிர்க்கட்சி என்றார். அப்பா அதற்குள் எழுந்தே விட்டார்.

"தம்பி, நான் பி.காம். ஆபீஸ்ல ஒரு பியூன் தினம் லேட்டா வருவான். ரூல்படி மெமோ. மெமோ அடிச்சது நான்தான். மறுபடி லேட், மறுபடி மெமோ. கடைசில அவனே வந்து அழுதான், பொண்டாட்டி ஆஸ்பத்திரில கெடக்கான்னு. மெமோ எப்படி எழுதணும்னு எனக்குத் தெரியும். ஏன்பா லேட்டுன்னு ஒரு வார்த்த கேக்கணும்னு தோணல. அதக் கேக்க எனக்கு யாரும் சொல்லித் தரல. இங்க சொல்லித் தர்றாங்கன்னா... அத வீணுன்னு சொல்லாத."

சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. அந்தப் பியூன் கதை வீட்டில் யாருக்கும் தெரியாது.

மணி அடித்தது. மேடம் பேனா மூடியைக் கழற்றி, டி.சி. விண்ணப்பத்துக்குக் கையை நீட்டினார்.

"அடுத்த வாரம் பாக்கலாம் மேடம்" என்றார் அப்பா.

கேட்டுக்கு வெளியே கச்சோரி வாங்கிக் கொடுத்தார். "அந்தப் பையன் நல்லாப் பேசறான். ரொம்பத்தான் பேசறான்" என்றார். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை... மூன்று வருஷமும் அங்கேதான் படித்தேன்.

இப்போது எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் கார் பார்க்கிங்கிலிருந்து தேர்தல் வரைக்கும் சண்டை. அவரவர் கட்சியை அவரவர் பேசிக் களைத்துப் போகிறோம். ஒரே ஒரு வெள்ளிக்கிழமையாவது மாற்றிப் பேசிப் பார்த்தால் என்ன என்று தோன்றும். சொன்னால் குரூப்பிலிருந்து தூக்கிவிடுவார்கள்.

அப்பா ரிட்டயராகித் திருச்சியில் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம். போன மாதம் போனில், இத்தனை வருஷமாகக் கேட்காததைக் கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு நீங்க கிளாஸ்ல பேசினது நிஜமாவாப்பா, இல்ல அந்த ரூலுக்காகவா?"

காதில் விழவில்லையோ என்று மறுபடியும் சத்தமாகக் கேட்டேன்.

"எந்திரிச்சது ரூலுக்காகத்தாம்மா" என்றார்.